கேட்டல் என்னும் இருபொருட் சொல்: ஆலைத் தொழிற்சங்கத்தாரின் நினைவுப் பதிவுகள் குறித்து

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினா எழுப்புவதும் கேட்பதுதான். காது கொடுப்பதும் கேட்பதுதான். வள்ளுவப் பெருந்தகை கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே கேள்வி என்பது பிறர் சொல்லைக் காதால் ஏற்றுக்கொள்வது. இன்றைக்குக் கேள்வி என்றதும் நமக்குப் பரீட்சைத் தாளும், கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு எழுந்து நிற்கும் வக்கீலும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வயதான ஒருவரிடம் போய் அவருடைய காலத்தைப் பதிவு செய்ய நினைக்கிறவர், இந்த இரண்டு பொருளில் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய பதிவு தேறும். அல்லது தேறாமல் போகும்.

இதைச் சொல்ல எனக்குப் பட்டமோ பதவியோ கிடையாது. குர்லாவில் துணிக்கடை வைத்திருப்பவன். கடையில் வேலை இல்லாத மத்தியான வேளைகளில் படித்தவன். எனினும் துணி ஆலைத் தொழிற்சங்கத் தலைவர்களின் நினைவுகளைக் கூறும் நூல்கள் இரண்டை அடுத்தடுத்துப் படித்தபோது, அவற்றைத் தராசில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஒன்று தமிழில் எல்லோரும் அறிந்தது, திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புக்கள், 1944இல் வெளிவந்தது. மற்றது நாம் வாழும் இந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் வந்தது. மீனா மேனனும் நீரா அடார்கரும் தொகுத்த 'நூறு ஆண்டுகள், நூறு குரல்கள்' என்ற நூல். மும்பை ஆலைத் தொழிலாளர்களின் வாய்மொழி வரலாறான இதைக் கொல்கத்தாவின் சீகல் நிறுவனம் 2004இல் வெளியிட்டது. முதல் நூலில் ஒரு தலைவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். இரண்டாவதில் தலைவர்களும் தொண்டர்களும் பிறர் கேட்கப் பேசுகிறார்கள்.

பெரம்பூர்க் கடையும் ஒரு தலைவரின் பேனாவும்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதன் தலைவர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த இச்சங்கத்தை இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்றே பலரும் குறிப்பிடுவர். இதற்கு அடிகோலியவர்கள் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இருவர். இவர்கள் ஆலையில் நூல் நூற்றவர்களும் அல்லர், தறி ஓட்டியவர்களும் அல்லர். ஆலைப் பக்கத்தில் சிறு வணிகம் செய்து வந்தவர்கள். சாமான் வாங்க வந்த தொழிலாளிகள் தங்கள் துன்பத்தைச் சொல்ல, அதைக் கேட்டுக் கேட்டு இவர்கள் மனம் பொறுக்கவில்லை. இவர்கள் நடத்திய பக்திச் சபைக்கு வந்த கூட்டமே பிறகு சங்கக் கூட்டம் ஆயிற்று. ஒரு வியாபாரியின் காதுதான் இந்த நாட்டின் முதல் தொழிற்சங்கத்துக்கு வாசற்படி என்பதை நினைக்கும்போது, கடைக்காரன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமைக்கு நான் உரியவன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரு.வி.க. அந்தச் சபையில் பேச வந்து சங்கத்துக்குள் வந்தவர். வெஸ்லி கல்லூரித் தமிழாசிரியர் பணியை விட்டுத் தேசபக்தன் ஆசிரியராகி, பின் நவசக்தி நடத்தியவர். தொழிலாளர் துன்பத்தை மேடைத் தமிழுக்குள் கொண்டுவந்ததில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் மிகச் சிலர். அவர் நூலின் சிறப்பு அதன் நேர்மை. தாம் கண்டதைத் தம் நடையிலேயே, சிறு சிறு வாக்கியங்களாக, தம் குறைகளையும் விடாமல் எழுதிக்கொண்டு போகிறார். தம் கட்சிக்காரருக்காக ஒரு முகம், எதிரிக்காக ஒரு முகம் என்று வைத்துக்கொள்ளவில்லை. தமிழில் தொழிற்சங்கத் தலைவர்கள் எழுதிய நினைவுகளில் அதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும்போது, அவருக்குத் தோன்றாத கேள்வி எழவே வழியில்லை. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் நீண்டு தோல்வியில் முடிந்த போராட்டம் அது. ஆகஸ்டு 29 அன்று போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்துவதாக எச்சரிக்கும் அளவுக்குப் போயிற்று. அதே போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சங்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது ஒற்றுமைக்கு நேர்ந்த இடையூறு. எரிந்த குடிசைக்குள் இருந்து பார்த்தால் இது வேறு கதை. சங்கக் கூட்டத்தில் தன்னைச் சமமாக உட்காரவைத்தார்களா, வேலைநிறுத்தக் காலத்தில் தன் அடுப்பு எப்படி எரிந்தது என்றெல்லாம் அந்தக் குடிசைக்காரனிடம் யாராவது கேட்டிருக்கவேண்டும். ஒருவர் தம் கையால் எழுதும் தன்வரலாற்றில் அவனுடைய குரல் அவனுடைய வாயால் வரமுடியாது. இதனை நான் திரு.வி.க.வின் மீது குற்றமாகச் சொல்லவில்லை. தன்வரலாறு என்ற நூல்வகைக்கு உள்ள எல்லை அது.

நூறு பேர் பேசும் நூல்

இந்த எல்லையைத் தாண்டுவதற்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது மும்பை நூல். தொகுத்தவர்களில் மீனா மேனன் ஆலைத் தொழிலாளர் போராட்டங்களோடு நின்றவர். நீரா அடார்கர் கட்டடக் கலைஞர். அவர்கள் எடுத்துக்கொண்டது 'கிரண்காவ்' என்று மராத்தியில் சொல்லப்படும் ஆலை ஊர். லால்பாக், பரேல், பைகுல்லா, வர்ளி வட்டாரம். இரத்தினகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் கொங்கணக் கடற்கரையிலிருந்தும் வந்து சால்களில் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேராகத் தங்கி ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாற்றிப் படுத்தவர்கள், அவர்களுக்குச் சோறு போட்ட கானாவள் பெண்கள், தமாஷாவும் போவாடாவும் பாடிய ஷாஹிர்கள், கம்யூனிஸ்டுகள், அவர்களை எதிர்த்தவர்கள் என எல்லோருடைய உலகமும் இதில் வருகிறது. கேம்பிரிட்ஜ் வரலாற்றாசிரியர் ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் முன்னுரை எழுதியிருக்கிறார். 2006இல் அவர் காலமானார்.

நூலின் அமைப்பு எளிமையானது. பேசியவர் பெயர், அதன் கீழ் அவர் பேச்சு, நடுநடுவே தொகுப்பாசிரியர்கள் கதையைக் கோத்துக் கொடுக்கும் சில பத்திகள். சங்கத் தலைவருக்குத் தனி நாற்காலி போடவில்லை. அவர் சொல்லி முடித்ததும் அடுத்த பக்கத்தில் ஒரு பதிலித் தொழிலாளி பேசுகிறார். அவர் சொல்வது தலைவர் சொன்னதோடு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். 'இவர் சொன்னது சரி, அவர் சொன்னது தப்பு' என்று தொகுப்பாசிரியர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை.

முதலில் படித்தபோது இது எனக்கு ஒரு குறையாகவே பட்டது. கணக்குப் பார்த்துப் பழகிய வியாபாரி நான். பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொல்ல, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் அது என்ன வரலாறு என்று நினைத்தேன். அதே வேலைநிறுத்தம் குறித்து வான் வெர்ஷ் என்ற டச்சு ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட ஆக்ஸ்போர்டு நூல் என் அறிவுக்கு அதிகம் ஒத்தது. தேதி, சட்டம், தரவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியே வந்தது, 1946ஆம் ஆண்டுப் பம்பாய்த் தொழிலுறவுச் சட்டப்படி ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கம் ஒன்றுக்கே பேச்சுவார்த்தை உரிமை இருந்தது, அதனால் டாக்டர் தத்தா சாமந்தோடு பேசவே மாட்டோம் என்று முதலாளிகளும் அரசும் உட்கார்ந்துகொண்டது, வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறையாக யாரும் அறிவிக்காமலே அது தேய்ந்து போனது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தது ஆகியவற்றையெல்லாம் அறிய அத்தகைய நூல்கள் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை.

என் எண்ணம் மாறியது ஒரு நூலைப் படித்ததால் அன்று. என் கையாலேயே ஒரு பதிவைக் கெடுத்த பிறகுதான் மாறியது.

குர்லாவில் ஒரு பதிவு

நம்ம குர்லா கிரண்காவ் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஆயினும் ஆலை வரலாற்றில் இதற்கு ஒரு மூத்த இடம் உண்டு. ஜம்ஷெட்ஜி டாடா இங்கே ஓடாமல் கிடந்த ஓர் ஆலையை 1886இல் வாங்கிச் சுதேசி மில் என்று பெயர் வைத்தார். வங்காளத்தில் சுதேசி இயக்கம் எழுந்தது 1905இல்; அதற்குப் பத்தொன்பது ஆண்டு முந்திய பெயர் இது. சுனாபட்டிப் பக்கம் அதன் சங்கு ஊதுவதை வைத்து எங்கள் தெருவில் அடுப்பு மூட்டினார்கள், கடை திறந்தார்கள்.

1982இல் எனக்கு வயது இருபத்திரண்டு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து தாய்மாமன் கடையில் மீட்டர் கோல் பிடித்துக்கொண்டிருந்தேன். வேலைநிறுத்தம் நீண்டபோது ஆலைப் பாப்ளினும் லாங்கிளாத்தும் வருவது குறைந்தது. பீவண்டியிலிருந்து விசைத்தறித் துணி வந்தது. விலை குறைவு, லாபம் அதிகம். ஆலையின் முத்திரை குத்திய துணிகூட விசைத்தறியில் நெய்யப்பட்டு வந்த காலம் அது. எங்கள் வாடிக்கையாளர் பாதிப்பேர் சம்பளம் இல்லாமல் இருந்த அதே மாதங்களில்தான் எங்கள் கடை நிமிர்ந்தது. இதை மறைத்துவிட்டு நான் இந்த நூல்களுக்கு விமரிசனம் எழுதினால் அது பொய்யெழுத்து.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் இரத்தினகிரி மாவட்டத்துக்காரர், ஆலைத் தொழிலாளி. தம் பகுதியில் சங்கத்தை நடத்தியவர். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். பெயர் வேண்டாம். நாங்கள் காகா என்போம். அவர் என்னைச் சேட் என்று கூப்பிடுவார். நூறு குரல்கள் நூலைப் படித்த உற்சாகத்தில், குர்லாவின் குரலும் ஒன்று இருக்கட்டுமே என்று 2008இல் அவரைக் கடைக்கு மேலே என் வீட்டுக்கு வரவழைத்து ஒரு டேப்ரிக்கார்டரை முன்னால் வைத்தேன். எழுபதைத் தாண்டிய வயது. குரல் மட்டும் கணீரென்று இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேசினார். 1928இல் கிர்ணி காம்கார் சங்கம் பிறந்ததிலிருந்து, டாங்கே பேச்சைத் தம் தகப்பனார் கேட்டதிலிருந்து ஆரம்பித்தார். எல்லாம் மேடைப் பேச்சாக இருந்தது. ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பான சொற்கள்.

இரண்டாவது ஞாயிறன்று அவர் சொன்னார்: "பதினெட்டு மாசம், சேட். நான் ஒருத்தன்கிட்டயும் கை நீட்டல. என் சால்ல யாரும் நீட்டல."

எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்துகொண்டான். மாமா எதையும் தூக்கி எறியமாட்டார். 1982ஆம் வருஷத்துப் பற்று நோட்டு பரணில் இருந்தது. மூன்றாவது ஞாயிறு அதை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். அவர் பெயரில் யூனிபாரம் துணி, ஒரு புடவை. மொத்தம் நூற்றுப் பதினெட்டு ரூபாய் ஐம்பது காசு. கீழே பாக்கி. அந்தப் பக்கத்தை அவர் முன் விரித்து, "காகா, இது என்ன?" என்று கேட்டேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, "இன்னும் எவ்வளவு பாக்கி, சேட்?" என்றார். "அதுக்காக எடுக்கல காகா" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்கு அந்த ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. துணி வாங்க அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். கோல் பிடித்து அளந்தவன் நானே. மாமாவிடம் அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார், வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டாம் என்று. மாமா தலையாட்டிவிட்டு, வழக்கப்படி குடும்பத் தலைவர் பெயரிலேயே எழுதிக்கொண்டார். மனைவி காப்பாற்றிக் கொடுத்த மானத்தைத்தான் காகா இருபத்தாறு வருஷம் தம் மானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் கை நீட்டவில்லை.

நாலாவது ஞாயிறு அவர் வரவில்லை. பேரன் வந்தான். ஒரு கவரில் நூற்றிருபது ரூபாய். "தாத்தா மீதி வேண்டாம்னு சொல்லச் சொன்னார்" என்றான். பாட்டி எங்கே என்று விசாரித்தேன். இறந்து ஆறு வருஷம் ஆச்சு என்றான். அடுத்த ஆண்டே காகாவும் போய்விட்டார்.

தப்பான தேதியின் பெறுமதி

இதன் பிறகே இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லியின் கட்டுரை என் கைக்கு வந்தது. முன்னமே வந்திருக்கலாம். தெர்னி என்ற உருக்காலை நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி 1949 மார்ச் 17ஆம் நாள், நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து ஆலையை விட்டு வெளியே வந்த கூட்டத்தில், போலீஸ் மோதலில் இறந்தான். போர்த்தெல்லி பல ஆண்டு கழித்து முதிய தொழிலாளர்களைக் கேட்டபோது, பலர் அவன் 1953இல் இறந்ததாகச் சொன்னார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஆலையை விட்டு அனுப்பியபோது நடந்த தெருப் போராட்டத்தில் இறந்தான் என்றார்கள். தேதி தப்பு, காரணமும் தப்பு. ஆனால் அத்தனை பேரும் ஒரே பக்கமாகத் தப்பு செய்கிறார்களே, அது ஏன் என்று போர்த்தெல்லி யோசித்தார். ஓர் ஒப்பந்தத்துக்கு எதிரான ஊர்வலத்தில் ஒரு பையன் செத்ததையும், அதற்குத் தாங்கள் பதில் செய்ய முடியாமல் போனதையும் அவர்கள் மனம் ஏற்கவில்லை. வேலைக்காக நடந்த பெரும் சண்டையில் அவனை வைத்தால்தான் அந்தச் சாவுக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது. ஆவணம் நடந்ததைச் சொல்கிறது. நடந்தது அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதைத் தப்பான தேதி சொல்கிறது.

எங்கள் சமண சமயத்தில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. நயம் என்பார்கள். ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லும் கூற்று நயம். தன் பக்கத்தை மட்டும் சொல்லி, வேறு பக்கம் இல்லவே இல்லை என்று சாதித்தால் அது துர்நயம். பல பக்கங்களையும் ஏற்பதே அநேகாந்தம். யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் நாம் வழக்கமாகக் குருடர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டிருந்தால் யானை கிடைத்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

பற்று நோட்டும் ஒரு நயம்தான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. அதில் மீட்டரும் ரூபாயும் இருந்தன. வாங்க வந்தவர் யார் என்பது இல்லை. அவர் மெதுவாகச் சொன்ன வார்த்தை இல்லை. நோட்டை முழு உண்மை என்று நம்பி, ஒரு மனிதர் நினைவை மறுக்கும் சாட்சியாக அதை வைத்தேன். காகாவின் பேச்சில் துர்நயம் எதுவும் இல்லை. நான் நோட்டை நீட்டிய விதத்தில் இருந்தது. நீலகேசியில்கூட எதிர்ச்சமயத்தார் தம் வாதத்தை எடுத்து வைக்க இடம் கொடுத்து, பிறகுதான் மறுப்பு வரும். நான் அந்த அளவுக்குக்கூடப் பொறுக்கவில்லை.

இப்போது மும்பை நூலுக்குத் திரும்பி வருவோம். தலைவர் பேச்சுக்குப் பக்கத்தில் கானாவள் பெண்ணின் பேச்சை வைத்து, இடையில் தீர்ப்பு எழுதாமல் விட்டது குறை என்று நினைத்தேனே, அதுவே அந்நூலின் முதற்சிறப்பு. ஒருவர் நினைவைக் காட்டி இன்னொருவரை மடக்குவது அதன் வேலையாக இல்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் குடியிருக்க விட்டிருக்கிறார்கள். வேலைநிறுத்தம் நடந்தது ஆலை வாசலில் என்று தலைவர்கள் பேசுவார்கள். அது நடந்தது அடுப்படியிலும்தான் என்பதைப் பெண்கள் பேசினால்தான் தெரியும். பிரேமா புரவ் 1975இல் கானாவள் பெண்களைக் கூட்டி அன்னபூர்ணா மகிளா மண்டல் தொடங்கியதும் இந்த அடுப்படி வரலாற்றைச் சேர்ந்ததே. தொழிலாளிக்குக் கடனுக்குச் சோறு போட்டவர்களின் கணக்கு எந்தச் சங்க அறிக்கையிலும் முழுதாக இராது.

சாதி விஷயத்திலும் அப்படியே. மும்பை ஆலைகளில் தறிப் பிரிவில் தீண்டப்படாதார் எனப்பட்டோரைச் சேர்க்கவில்லை. ஷட்டிலில் நூல் கோக்க வாயால் உறிஞ்சவேண்டும். எச்சில் படும் என்பது சொல்லப்பட்ட காரணம். கூலி அதிகம் உள்ள பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத்தாரிடம் எழுப்பினார். செங்கொடியின் கீழ் நின்றவர்களின் நினைவில் இது எந்த அளவு இருக்கிறது, தறிப் பிரிவுக்குள் போகமுடியாமல் நின்றவர்களின் நினைவில் எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க ஒரே தலைவரின் நூல் போதாது. பெரம்பூரில் நாம் கேட்காமல் விட்ட கேள்வியும் இதுவே.

அந்நூலின் குறைகள்

குறைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது விமரிசனம் ஆகாது.

முதலாவது மொழி. மராத்தியிலும் இந்தியிலும் பேசியது ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. ஆலை ஆள் 'சேட்' என்று கூப்பிடும்போது அதில் மரியாதையும் இருக்கும், கிண்டலும் இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வடிந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள்.

இரண்டாவது, கேட்டவர் குரல் பெரும்பாலும் அச்சில் இல்லை. பேச்சு தானே ஊறி வந்ததுபோல் தெரிகிறது. எந்தக் கேள்விக்கு இது விடை என்று வாசகனுக்குத் தெரியவேண்டும். என் டேப்பை இப்போது போட்டுக் கேட்டால், 'இது என்ன?' என்று நான் கேட்ட தொனிதான் முதலில் காதில் விழுகிறது. காகாவின் மௌனத்துக்குப் பொருள் அதில் இருக்கிறது. என் கேள்வியை வெட்டிவிட்டு அந்த மௌனத்தை மட்டும் வைத்தால் அது அவர் மேல் செய்யும் இரண்டாவது அநியாயம்.

மூன்றாவது, எல்லை. கிரண்காவுக்கு வெளியே உள்ள குர்லா போன்ற இடங்கள் அதன் நோக்கத்துக்குள் வரவில்லை. ஆலைத் தொழிலாளரில் தமிழர் சிறு பகுதியினரே. அதனால் அந்நூலில் நம்மவரைத் தேடிக் குறைப்படுவதில் நியாயமில்லை. அது நாம் செய்யவேண்டிய வேலை. தாராவியில் தோல் பதனிட்டவர்கள், ரயில்வே கார்ஷெட்டில் வேலை செய்தவர்கள், குர்லாக் கார் தொழிற்சாலையில் இருந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் என்று நம்மிலும் சங்கம் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவு இன்னும் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

நம் சங்கம் செய்யத்தக்கது

தாமதிக்க நேரமில்லை. மூடிய ஆலைத் தொழிலாளருக்காக 1989 முதல் போராடிய தத்தா இஸ்வல்கர் 2021 ஏப்ரலில் காலமானார். மாடர்ன் மில்லில் வேலை பார்த்தவர். ஆலை நிலத்தில் தொழிலாளிக்கும் வீடு வேண்டும் என்ற அவர்களுடைய நெடுங்காலக் கோரிக்கை, 2012இல் முதல் குலுக்கலாக ஒரு பகுதி பலித்தது. டாக்டர் சாமந்த் 1997 ஜனவரி 16 அன்று பவாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1982இல் இருபது வயதுப் பையனாக ஆலைக்குள் போனவருக்கே இன்று அறுபத்தைந்துக்கு ஒட்டி வயது ஆகிறது.

ஆகவே இளைஞர்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். எனக்குத் தெரிந்த சில விஷயங்களை, செய்து கெட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். தலைவரிடம் மாநாடு எந்த வருஷம் என்று கேட்காதீர்கள்; அதை நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். மேடைப் பேச்சு வந்தால் வரட்டும். முதல் இரண்டு நாள் அது வந்தே தீரும், அது தீர்ந்த பிறகு வருவதற்காகக் காத்திருங்கள். அவர் மனைவியை, பிள்ளைகளைத் தனியாக, அவர்கள் நேரத்தில் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதீர்கள். பேசிய மொழியிலேயே, பேசிய விதமாகவே எழுதி வையுங்கள். உங்கள் கேள்வியையும் எழுதுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். எதை அச்சிடலாம், எதை அச்சிடவேண்டாம் என்பதை அவர் சொல்லட்டும். கையில் நோட்டோ பத்திரமோ இருந்தால், மறுப்பதற்காக அதை முன்னால் நீட்டவேண்டாம். 'இதைப் பார்த்தால் ஏதாவது ஞாபகம் வருதா?' என்று கேட்டால் போதும். நான் அப்படிக் கேட்டிருந்தால் காகா அந்தப் புடவையின் நிறத்தைச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

மூன்று கேசட்டும் என்னிடம் இருக்கின்றன. பேரனிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அவன் கேட்டுவிட்டு, தாத்தா பாடுவார் என்று தெரியும், இவ்வளவு நல்லா பாடுவார் என்று தெரியாது என்றான். இரண்டாவது கேசட்டில் ஒரு போவாடா பாடியிருக்கிறார். நான் அதைப் பாட்டாகக் கேட்டதே இல்லை. எப்போது முடியும், அடுத்த கேள்வியைப் போடலாம் என்று காத்திருந்தேன்.

அந்த நூற்றிருபது ரூபாய் நோட்டின் அதே பக்கத்தில் வைத்தபடி இருக்கிறது. வரவில் எழுத எனக்குக் கை வரவில்லை.